நெருப்பில்லாமல் பால் காய்ச்சிய பூங்குழலி

புது வீட்டில் பால் காய்ச்ச விறகு மூட்ட மாட்டேன் என்று பூங்குழலி சொன்னதும், ராமாபுரத்திலிருந்து வந்திருந்த சொந்தக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படியானால் வேறு யாராவது காய்ச்சட்டும் என்றார் மாமியார் சுந்தராம்பாள். அதற்கும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"என் வீட்டுப் பாலை நாந்தான் காய்ச்சுவேன். ஆனா நெருப்புக்கிட்டப் போக மாட்டேனுங்க அத்தை."

பிடிவாதக்காரி என்றார்கள். பிடிவாதக்காரிதான்! அது அவளுக்குச் சும்மா வந்துவிடவில்லை.

கல்யாணமான மறு வருஷம்தான் அவளுக்கு வலிப்பு வந்தது. ஒருநாள் தரையில் இருந்த அடுப்பின் மேலேயே விழுந்தாள். கொதித்த கஞ்சி இடது கை முழுக்கக் கொட்டியது. ஆஸ்பத்திரியில் "பானை சரிஞ்சிருச்சுங்க" என்றார் மாமியார். பானை எங்கே சரிந்தது? சரிந்தது இவள். வெளியே தெரிந்தால் மருமகளுக்குத்தான் கேவலம் என்று பயந்து சொன்ன பொய் அது. டாக்டரும் புண்ணுக்கு மருந்து போட்டு அனுப்பிவிட்டார். வலிப்புக்கு ஒரு மாத்திரைகூடக் கிடைக்கவில்லை. ஆறே மாதத்தில் குளியலறையில் வெந்நீர் வாளியோடு விழுந்து தொடை வெந்துபோனது. உள்தாழ்ப்பாள் போட்டிருந்ததால் கதவை உடைத்துத்தான் தூக்கினார்கள்.

அன்றைக்கு அவளே வாயைத் திறந்தாள். "எனக்கு வலிப்பு வருதுங்க டாக்டர். அதை முதல்ல எழுதுங்க." மாதாமாதம் வந்துகொண்டிருந்த வலிப்பு, மாத்திரை ஆரம்பித்தபின் வருஷத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைந்தது.

நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் வேலை பார்த்தாள். கணவன் ரவிக்குமார் மைசூருவில் எலக்ட்ரீஷியன். இருவரும் சேர்ந்து கட்டிய இரண்டு அறை வீடு இது. சமையல் மேடையில் கரண்ட் அடுப்பைச் சுவரோரமாகத் தள்ளி வைத்தாள். வாளியில் முதலில் பச்சைத்தண்ணீர், அப்புறம்தான் வெந்நீர். குளியலறைக்குத் தாழ்ப்பாளே வேண்டாம் என்றபோது தச்சர் சிரித்தார். "கதவைத் தட்டிட்டு வரத் தெரியாதவங்க என் வீட்டுக்கு வர வேண்டாம்" என்றாள். விடியற்காலை நாலரைக்கு முகூர்த்தம் குறித்த ஐயரையும் விடவில்லை. தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் என்று சண்டை போட்டு, வெள்ளிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் என்று மாற்றி வாங்கினாள்.

வெள்ளிக்கிழமை பூஜை வரை எல்லாம் சரியாக நடந்தது. பால் காய்ச்சப் போகும் நேரத்தில், ஒன்பதரைக்குக் கரண்ட் போனது.

"எலக்ட்ரீஷியன் வீட்டுலயே கரண்ட் இல்லையாடா!" என்று யாரோ கேலி செய்தார்கள். ரவிக்குமார் வாசலில் போனும் கையுமாக நின்றான். பத்து மணி ஆயிற்று. சுந்தராம்பாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, சமையலறைத் தரையில் மூன்று செங்கல்லை வைத்துத் தேங்காய்மட்டையைப் பற்றவைத்துவிட்டார்.

"நேரம் போவுது கண்ணு. அஞ்சு நிமிசந்தான். நாங் கையைப் புடிச்சுக்கறேன்."

"அஞ்சு நிமிசத்துல வலிப்பு வராதுன்னு எழுதித் தருவீங்களா அத்தை? கரண்ட் வரட்டும்."

"ஊரு சனமே நிக்குது!"

"நிக்கட்டும். உக்காரட்டும். எனக்கென்ன?"

சொல்லிவிட்டுக் குடத்துத் தண்ணீரை அப்படியே அடுப்பில் கவிழ்த்தாள். புஸ்ஸென்று புகை எழுந்தது. மங்கல நாளில் நெருப்பை அணைப்பாளா ஒருத்தி! சமையலறையே கொந்தளித்தது. ஆளாளுக்குத் திட்டினார்கள். பூங்குழலி காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. ஆனாலும் ஓரடி நகரவில்லை.

அதற்கப்புறம் நடந்தது அவளுக்குத் தெரியாது. ரவிக்குமார் சொல்லித்தான் தெரியும். நின்ற நிலையிலேயே சாய்ந்து, அந்தச் செங்கற்களுக்கு நடுவே முகம் கவிழ விழுந்திருக்கிறாள். இரும்புச் சாவி கொண்டுவா என்று சத்தம் போட்டவர்களை அவன் ஒதுக்கிவிட்டு, செங்கல்லைத் தள்ளி, அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வலிப்பு அடங்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். இரண்டு நிமிஷம்கூட இருக்காது என்றான்.

அவள் கண் விழித்தபோது சுந்தராம்பாள் முந்தானையால் அவள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். முந்தானையில் கரி அப்பியிருந்தது. ஈரக் கரி. துடைக்கத் துடைக்கக் கன்னம் முழுசாக வெளியே வந்தது, ஒரு கொப்புளம் இல்லாமல்.

"நானே உன் மூஞ்சியப் பொசுக்கிருப்பேனே, சாமி" என்று மாமியார் வாய்விட்டு அழுதார். அந்த அழுகையைப் பார்த்து மற்றவர்களும் அடங்கிப்போனார்கள்.

பூங்குழலி ஒரு மணி நேரம் தூங்கி எழுந்தாள். கரண்ட் வந்திருந்தது. பால் பாத்திரம் கரண்ட் அடுப்பின் மேல் சுவரோரமாகத் தயாராக இருந்தது. வைத்தவர் சுந்தராம்பாள். ரவிக்குமார் பக்கத்தில் நிற்க, பூங்குழலி பொத்தானை அமுக்கிவிட்டு நாலடி தள்ளிக் கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"இப்ப ராகு காலமாச்சே" என்று யாரோ பின்னாலிருந்து இழுத்தார்கள்.

பூங்குழலி வாயைத் திறக்குமுன் சுந்தராம்பாள் திரும்பினார். "அந்த ராகுவுக்கும் ஒரு டம்ளர் ஊத்தறோம். குடிச்சுப்போட்டுப் போகச் சொல்லு."

பால் பொங்கி வழிந்தது.