தின்னர்மேல் போட்ட பழி

என் தம்பிக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். எங்கள் பட்டறையில் எல்லோருக்கும் அவன் ஷோரூம். அடிபட்டு, நசுங்கி, சொறி பிடித்த மாதிரி வருகிற வண்டிகூட, அவன் பெயிண்ட் அடித்து வெளியே விடும்போது ஷோரூமிலிருந்து இப்போதுதான் இறக்கின மாதிரி இருக்கும். எந்தக் கதவை மாற்றினோம் என்று சரிபார்க்க வந்த இன்சூரன்ஸ்காரர்கள், கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துவிட்டுக் கடைசியில் என்னிடமே கேட்டிருக்கிறார்கள். பட்டறை என்னுடையது. ஆட்களை வேலை வாங்குவது, வண்டிக்காரர்களோடு மல்லுக்கட்டுவது எல்லாம் அக்காவான நான்தான். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பார்கள். வரும்தான், அதற்கு இப்போது என்ன?

ஷோரூம் குடிக்க மாட்டான். சிகரெட்டைத் தொட மாட்டான். நாற்பதைத் தாண்டியும் தொப்பை கிடையாது. பம்பரை ஒற்றை ஆளாகத் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறுவான். ஆனால் கஞ்சா அடிப்பான். பெயிண்ட் அறைக்குப் பின்னால், சுவருக்கும் கம்ப்ரஸருக்கும் நடுவில் ஓர் ஆள் மட்டும் நிற்கிற சந்து இருக்கிறது. வேலையைத் தொடுவதற்கு முன்னால் அங்கே போய் ஒன்றைப் பற்றவைத்துவிட்டு வருவான். அப்போதுதான் கை நிதானத்துக்கு வருமாம். பட்டறை முழுக்க, பெயிண்ட்டில் கலக்கிற தின்னர் வாடை. அதில் இந்த வாடை எங்கே தனியாகத் தெரியப்போகிறது? அவன் பெண்டாட்டி கல்யாணமான நாளிலிருந்து அவன் சட்டையை மோந்து பார்த்து, "ஒரே பெயிண்ட் நாத்தம், கழட்டிப் போடுங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். பாவம், அவளுக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும். ஒரு நாளும் நான் சும்மா விட்டதில்லை. வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன்.

"இது வெறும் செடிதானேக்கா. சிகரெட் மாதிரி கிடையாது. உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது" என்பான்.

"அரளியும் செடிதான். அரைச்சுத் தரட்டுமா, குடிக்கிறியா?"

"உனக்கு எதுக்கெடுத்தாலும் சண்டைதான். என்னைப் பாரு, இரும்பு மாதிரி இருக்கேன்."

"இரும்பு துருப்பிடிச்சு வர்றதாலதான்டா நம்ம பொழப்பே ஓடுது."

அதற்கும் சிரிப்பான். சிரித்துக்கொண்டே சந்துக்குப் போய்விடுவான். தலைகீழாக நின்றாலும் அவனைத் தடுக்க முடியாது.

பட்டறைக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. யாருக்காவது தலை சுற்றினால், வாந்தி வந்தால், நெஞ்சை அடைத்தால், "தின்னர் அடிச்சிருச்சு" என்போம். காற்றோட்டமாக உட்கார வைத்துச் சட்டையைக் கழற்றி விசிறி விடுவோம், பால் வாங்கிக் கொடுப்போம். கொஞ்ச நேரத்தில் ஆள் எழுந்து வேலைக்குப் போய்விடுவான். பெரும்பாலும் அது தின்னராகத்தான் இருக்கும். அதுதான் வினையே. அதற்குப் பிறகு நாங்கள் வேறு எதையும் யோசிப்பதில்லை.

அன்று மதியம் நான் வாசலில் ஒரு வண்டிக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து டிங்கர் அண்ணன் குரல் கேட்டது. தகடு தட்டி நிமிர்த்துகிறவர், எங்களோடு ரொம்ப வருஷமாக இருப்பவர்.

"தங்கச்சி, ஷோரூமுக்குத் தின்னர் அடிச்சிருச்சு. பாலுக்கு ஆள் அனுப்பு."

போய்ப் பார்த்தேன். தம்பி ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணுமில்லக்கா. நெஞ்சுல ஒரு பாரம். தாடை வரைக்கும் வலிக்குது. தின்னர்தான், சரியாயிரும்."

நெற்றியைத் துடைத்துவிட்டேன். வேர்வை ஜில்லென்று இருந்தது. வெயிலில் வேர்க்கிற வேர்வை அப்படி இருக்காது. பெயிண்ட் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். பெயிண்ட் தெறிக்கக் கூடாத இடங்களுக்கெல்லாம் பேப்பர் சுற்றி டேப் ஒட்டி ஒரு கார் நின்றது. ஸ்ப்ரே கன் ஆணியில் காய்ந்துபோய்த் தொங்கியது. தின்னர் டப்பாவின் மூடி சீல் உடைக்காமல் அப்படியே இருந்தது.

"எந்தத் தின்னர்டா? டப்பாவையே இன்னும் திறக்கலையே."

அவன் பார்வை பின்சுவர்ப் பக்கம் போனது.

"சந்துக்குப் போனியா?"

"இப்பதான் வந்தேன்" என்றான் மெதுவாக.

இது பாலுக்கு அடங்குகிற வலியில்லை, ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். பட்டறையில் நின்ற மற்ற வண்டிகளில் ஒன்றுக்குக் கதவு இல்லை, ஒன்றுக்குச் சக்கரம் இல்லை. ஓடுகிற நிலையில் இருந்தது அந்தப் பேப்பர் சுற்றிய கார்தான். முன் கண்ணாடியிலும் என் பக்கத்து ஜன்னலிலும் இருந்த பேப்பரைப் பரபரவென்று கிழித்துப் போட்டேன். டிங்கர் அண்ணன் அவனைப் பின் சீட்டில் தாங்கிப் பிடித்துக்கொண்டார். பொட்டலம் கட்டின மாதிரி ஒரு கார் கண்ணு மண்ணு தெரியாமல் ஓடுவதைத் தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. வளைவில் திருப்பும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"மெதுவா போக்கா. டேப் உரிஞ்சா மறுபடி நான்தான் ஒட்டணும்."

"வாயை மூடிக்கிட்டு உக்காருடா" என்றேன். உயிர் போகிற நேரத்தில் அவனுக்கு டேப் கவலை.

ஆஸ்பத்திரியில் இறக்கியதும் அவன் பெண்டாட்டிக்குப் போன் செய்தேன். அவள் வேலை செய்யும் இடம் அடுத்த தெரு. ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்துவிட்டாள். அதற்குள் அவன் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்துவிட்டார்கள். மாரடைப்பு. டாக்டர் சின்ன வயதுப் பெண். கையில் ஊசி போட்டுக்கொண்டே கேட்டாள்.

"சுகர் இருக்கா? பிரஷர்? சிகரெட், குடி ஏதாவது?"

"ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது டாக்டர்" என்றாள் அவன் பெண்டாட்டி. அழுகைக்கு நடுவிலும் அதில் ஒரு பெருமை இருந்தது. "டீக்கடைப் பக்கம்கூடப் போக மாட்டாரு."

தம்பி என்னைப் பார்த்தான். சின்ன வயதில் ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு, அப்பாவிடம் சொல்லாதே என்று பார்ப்பானே, அதே பார்வை. அவள் முன்னால் மானம் போகிறதே என்று அவனுக்கு. அந்த ஒரு நிமிஷம் அவன்மேல் எனக்கு வந்த கோபமும் பாசமும் கொஞ்சநஞ்சமல்ல.

"கஞ்சா அடிப்பான் டாக்டர்" என்றேன். "தினமும். இன்னைக்கும் அடிச்சான். முடிச்சுட்டு வந்து உக்காந்ததும் வலி வந்துருச்சு."

அவன் பெண்டாட்டி கட்டில் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டாள். டாக்டர் முகம் சுளிக்கவில்லை. எவ்வளவு, எத்தனை வருஷமாக, வேறு ஏதாவது கலந்தானா என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

"மறைக்காம சொன்னது நல்லதாப் போச்சு. அதை அடிச்சதும் இதயம் வேகமா துடிக்கும், பிரஷர் ஏறும். அந்த நேரத்துல மாரடைப்பு வர்ற ஆபத்து ஜாஸ்தி. சிகரெட் இல்லைங்கிற தைரியத்துல நிறைய பேர் இப்படி இருக்காங்க. உள்ள போறது எந்தப் புகையா இருந்தாலும் ரத்தக் குழாய்க்குக் கெடுதல்தான்."

அடைத்திருந்த குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள். எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. மறுநாள் டாக்டர் பார்க்க வந்தபோது, இதயத்தில் ஒரு சின்னப் பகுதி செத்துவிட்டது என்றாள். இவன் விடுவானா?

"செத்த இடத்தை வெட்டி எடுத்துட்டு ஒட்டுப் போட முடியாதா டாக்டர்? நாங்க தகட்டுல அப்படித்தான் பண்ணுவோம்."

"முடியாது. மிச்சம் இருக்கிறது அதோட வேலையையும் சேர்த்துப் பார்க்கும். அதையாவது பத்திரமா வச்சுக்கங்க."

அவன் பெண்டாட்டி அதுவரை அவனுக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. டாக்டர் போனதும் தண்ணீரை நீட்டினாள்.

"இன்னொரு தடவை அதைத் தொட்டீங்கன்னா நான் வீட்டுல இருக்க மாட்டேன். அண்ணி சாட்சி" என்றாள் என்னைக் காட்டி.

அவள் சொன்னால் செய்கிறவள். அதனால்தான் எனக்கு அவளைப் பிடிக்கும்.

கொஞ்ச நாள் ஓய்வுக்குப் பிறகு டாக்டர் அனுமதித்ததும் பட்டறைக்கு வந்தான். முதல் வேலையாக ஒரு சிவப்புக் கதவைக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை அவனுக்கு. பாதியிலேயே பெயிண்ட் திரண்டு கீழே வழிந்துவிட்டது. கற்றுக்குட்டிகள் செய்கிற தப்பு. ஸ்ப்ரே கன்னை ஆணியில் மாட்டிவிட்டு வெளியே போனான். எங்கே போகிறான் என்று எனக்குத் தெரியாதா? பின்னாலேயே போனேன்.

சந்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கையில் ஒரு சின்னப் பொட்டலம். கம்ப்ரஸருக்கு அடியில் எப்போதோ செருகி வைத்திருந்தது போலிருக்கிறது.

"கை நடுங்குதுக்கா. ஒரே ஒரு இழுப்பு. கை நின்னுரும்."

ஓங்கி ஒன்று விடலாமா என்று கை பரபரத்தது.

"சரி, இழு. நான் இங்கேயே நிக்கிறேன். விழுந்தா தூக்குறதுக்கு ஆள் வேணும்ல."

பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிரிக்கவில்லை. பிறகு தலையைத் தூக்காமலே பேசினான்.

"இது இல்லாததால நடுங்கலக்கா. பயத்துல நடுங்குது. கன்னை அழுத்துற ஒவ்வொரு தடவையும் நெஞ்சு துடிக்குதா, துடிக்குதான்னு காது அங்கேயே போயிருது. நான் செத்துருவேனோன்னு பயமா இருக்கு."

"எனக்கும் பயமாத்தான்டா இருக்கு" என்றேன். அந்தப் பட்டறையில் யாரிடமும் நான் சொல்லாத வார்த்தை அது. சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அவன் நிமிர்ந்து பார்த்தான். நான் அழுது அவன் பார்த்ததில்லை. பொட்டலத்தை என் கையில் வைத்தான். கழிவு பெயிண்ட் டின்னுக்குள் அதைப் போட்டு, ஒரு குச்சியால் அடி வரைக்கும் அமுக்கிவிட்டு வந்தேன்.

வழிந்த பெயிண்ட்டைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி அடித்தான். மறுபடியும் ஒரு மூலையில் வழிந்தது. கொஞ்ச நேரம் அதை முறைத்துப் பார்த்தான்.

"விடுக்கா" என்றான் முகமூடியைக் கழற்றிக்கொண்டே. "நாளைக்கு அடிச்சுக்கிறேன்."

நாளைக்கு என்று அவன் சொன்னது எனக்குப் போதுமாக இருந்தது.