அந்தப் பெற்றோல் லைனைப் பூட்டியது யார்?

போன சனிக்கிழமை கோயில் வாசலில் ஒரு கார் எரிந்திருக்க வேண்டும். எரியவில்லை. காரணம் ஐயரின் மூக்கு.

கார் ஜெயந்தியுடையது. வெரிபீ என்ற புறநகரில் இருக்கிறார். ஆஸ்பத்திரியில் நேர்ஸ். எழுபதுகளில், நாங்கள் வந்து குடியேறிய இந்த நாட்டில் செய்த இரண்டு கதவு, எட்டு சிலிண்டர் வி-எய்ட் கார் ஒன்றைத் தேடி வாங்கி வைத்திருக்கிறார். எங்கள் ஆட்களில் பெண்கள் இந்த வகைக் கார் வைத்திருப்பது குறைவு. அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை.

அந்தக் காருக்கு என் கராஜில் சுப்பர்சார்ஜர் பூட்டினோம். எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் பெட்டி. எஞ்சினின் தலையில் உட்கார்ந்திருக்கும். புது எஞ்சின் மாதிரித்தானே... அதனால் வாகனப் பூசை.

நாலு ரயருக்கும் கீழே தேசிக்காய் வைத்தாயிற்று. கண்ணாடிக்குத் திருநீறு பூசியாயிற்று. கற்பூரமும் கொளுத்தியாயிற்று.

"பொனற்றைத் திறவுங்கோ, எஞ்சினுக்கும் ஒருக்கால் காட்டுவம்" என்றார் ஐயர்.

திறந்தோம். ஐயர் தட்டோடு ஒரு அடி வைத்தார். நின்றார்.

"பெற்றோல் மணக்குது."

எனக்கு மணக்கவில்லை. நாள் முழுக்கப் பெற்றோலில் கிடக்கிற மூக்கு இது. குனிந்து பார்த்தேன். சுப்பர்சார்ஜருக்குப் பின்னால் ஈரம். சொட்டுச் சொட்டாக இறங்கி, சூடான புகைக்குழாய்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

ஐயர் திரும்பவில்லை. எரியும் தட்டைத் தள்ளிப் பிடித்தபடி பின்பக்கமாகவே நடந்து போனார். தூரத்தில் நின்று சொன்னார்: "எண்ணெய் விடுறதெண்டா விளக்குக்கு விடுங்கோ. இதுக்கு நான் ஆரத்தி காட்டேலாது."

எல்லோரும் சிரித்தார்கள். பயம் போன பிறகு வரும் சிரிப்பு.

பிறகு ஒருவர் கேட்டார்: "ஆர் இந்த லைனைப் பூட்டினது?"

நான்தான்.

பெற்றோல் தாங்கி பின்னால் இருக்கிறது. அங்கிருந்து லைன், பெற்றோல் வரும் குழாய், காரின் அடியால் வந்து, சுப்பர்சார்ஜருக்கு மேலே இருக்கும் கார்புரேற்றருக்கு ஏற வேண்டும். வெளிப்பக்கமாகச் சுற்றி எடுத்தால் பாதுகாப்பு. ஆனால் கண்ணுக்குத் தெரியும். நான் சுப்பர்சார்ஜருக்குப் பின்னால், பெல்ற் பிராக்கெற்றுக்கு இடையால் விட்டேன். குறுக்கு வழி. இழுத்து, விறைப்பாக. பொனற்றைத் திறந்தால் லைனே தெரியாது. கோயிலில் பத்துப் பேர் எட்டிப் பார்ப்பார்கள், "வேலை எண்டா இது" என்பார்கள்... அதுதான் காரணம். வேறில்லை.

அன்று கராஜில் ஜெயந்தி பக்கத்தில் நின்றார்.

"அண்ணை, கொஞ்சம் தொய்வு விடேலாதோ? சேலைன் குழாயை நாங்கள் ஒரு சுத்துத் தொய்வா விட்டுத்தான் கையில ஒட்டுவம். ஆள் புரண்டா இழுபடும்."

நான் சொன்னேன்: "தங்கச்சி, இது சேலைன் இல்லை."

நல்ல பதில் என்று நினைத்தேன். சிரிக்கவும் செய்தேன்.

எஞ்சின் றப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. அக்சிலேற்றரை அமத்தினால் ஒரு பக்கம் புரளும். சுப்பர்சார்ஜர் பூட்டினால் இன்னும் புரளும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கராஜில் நின்ற இடத்திலேயே எஞ்சினைச் சும்மா ஓட விட்டுத்தான் பார்த்தேன். ஜெயந்தி கோயிலுக்குக் காரை ஓட்டி வந்த வழியில் எஞ்சின் புரண்டது. விறைப்பாக இருந்த லைனின் றப்பர் ஹோஸை பிராக்கெற் விளிம்பு அரிந்துவிட்டது.

சரி... ஆர் பூட்டினது என்று கேட்டார்கள் அல்லவா? நான் முன் ரயர் பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை.

ஜெயந்தி சொன்னார்: "நான்தான். நேற்று வீட்டில கொஞ்சம் கை வைச்சனான்."

"ஊசி போடுற கைக்கு உது என்னத்துக்கு அக்கா?" என்றது ஒரு குரல். திரும்பவும் சிரிப்பு.

நான் தேசிக்காயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

காரை ட்ரக்கில் ஏற்றி ட்ருகனினாவுக்கு, என் கராஜுக்குக் கொண்டுவந்தோம். அங்கே கேட்டேன்.

"ஏன் அப்பிடிச் சொன்னீர்?"

"அது உங்கட சாப்பாடு அண்ணை. எனக்கு விளையாட்டு."

லைனைக் கழற்றினேன். வெளிப்பக்கமாக, புகைக்குழாய்க்குத் தள்ளி, இடைக்கிடை கிளிப் போட்டு, மேலே ஒரு சுற்றுத் தொய்வு விட்டுப் பூட்டினேன். ஜெயந்தி அக்சிலேற்றரை அமத்தினார். எஞ்சின் புரண்டது. லைன் கூடவே ஆடி, கூடவே நின்றது.

"இப்ப சேலைன்தான்" என்றார் ஜெயந்தி.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். இப்படியே மறந்திருப்பேன். அதையும் சொல்ல வேண்டும்.

செவ்வாய்க்கிழமை குகன் வந்தான். தன் காரை வழமையாக என்னிடம் வேலைக்கு விடும் தம்பி. பிரேக் பேட் வாங்கிக்கொண்டு வந்து தந்தான், வாற கிழமை மாற்ற வேண்டுமாம்.

"அண்ணை, கேள்விப்பட்டியளே? அந்த நேர்ஸ் அக்கா தானே கை வைச்சுக் கோயிலைக் கொளுத்தப் பார்த்தாவாம். பேசாமல் உங்களிட்ட விட்டிருக்கலாம்."

"ம்" என்றேன்.

கோயிலில் வாய் திறக்காததற்குப் பயம் என்று சொல்லலாம். இந்த "ம்"முக்கு என்ன சொல்வது?

நான் குறைவாகப் பேசுகிறவன் என்று பெயர். அதை நல்ல குணம் என்றே இவ்வளவு காலமும் வைத்திருந்தேன். பேசாத மனிதனை உலகம் அடக்கமானவன் என்று நினைக்கிறது. பாதி நேரம் அவன் ஒளிந்துகொண்டிருக்கிறான்.

இதை எங்கள் ஆட்கள் வாசிக்க எழுதப் போகிறேன் என்று ஜெயந்திக்குப் போன் எடுத்தேன்.

"விடுங்கோ அண்ணை. எழுதினா ஆர் உங்களிட்டக் கார் விடுவினம்?"

"உம்மைப் பற்றிக் கதைக்கினம்."

"பொம்பிளைக்கு வேலை தெரியாதெண்டு கதைக்கிறது புதுசே?"

புதிது இல்லை. ஆனால் இந்த முறை அந்தக் கதை என் வாயாலும் போயிருக்கிறது.

ஆகவே, அன்று கோயிலில் நின்றவர்களுக்கு: ஜெயந்தி அந்தக் காரில் கை வைக்கவில்லை. சரியான கேள்வி கேட்டது அவர். பிழையாகப் பூட்டியதும், சிரித்ததும், பேசாமல் நின்றதும் நான்.

தம்பி குகன், உன் பிரேக் பேட் பெட்டி உடைக்காமல் என் மேசையில் இருக்கிறது. வேறு இடத்தில் மாற்றுவதென்றால் வந்து எடுத்துக்கொண்டு போ.