ஊமையம்மனின் சொந்தக்காரி

லண்டன் அம்மாள் வந்த மூன்றாம் நாளே எனக்குப் பொறுமை போய்விட்டது. யாங்கூனில், அந்தக் கால ரங்கூனில், ஊர் சுற்றிக் காட்டிப் பிழைப்பவன் நான். பகோடாவைக் கேட்டால் காட்டலாம். இவருக்கு வேண்டியதோ கொள்ளுத்தாத்தாவின் தங்கையைப் புதைத்த இடம். வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே வந்து, ரயில்வே கூலிக்காரப் பெண்களுக்கு மருந்து கொடுத்தவராம். குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபைக்காரர். கல்லறையில் பகட்டு கூடாது என்று அவர்களில் சிலர் பெயர்கூடப் போட மாட்டார்களாம். பெயரில்லாத கல்லை எங்கே போய்த் தேட? வெயிலில் மண்டை காய்ந்தது. அவர் ஒரு தடவைகூடக் கோபப்படவில்லை. அதிலேயே எனக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"கவனிக்க ஆளில்லாமல் எங்கோ கிடக்கிறாளே, அதுதான் உறுத்துகிறது" என்பார்.

நான்காம் நாள், சோற்றுக்காகத்தான், பசுந்தாங் பேட்டையில் இருக்கும் எங்கள் தமிழ்க் கோயிலுக்கு அழைத்துப் போனேன். அன்று ஊமையம்மன் பூசை. அம்மன் என்றால் முழங்கால் உயரக் கல். சாம்பல் நிறச் சேலைதான் சாத்துவோம், நகை கிடையாது, மணியடிக்கக் கூடாது. ஓர் ஊதுபத்தி எரிந்து தீரும்வரை எல்லோரும் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். ஏன் என்றால், பூசை செய்யும் என் சின்னம்மா, "அம்மனுக்குத் தலைவலி" என்பார்.

ஊதுபத்தி தீர்ந்தபோது அம்மாள் அழுதுகொண்டிருந்தார்.

"எங்கள் சபையிலும் இப்படித்தான் கும்பிடுவோம். பூசாரி இல்லை, பாட்டு இல்லை. அந்தக் காலத்தில் உடுப்பும் சாம்பல் நிறம்தான். இதை யார் கற்றுக்கொடுத்தது?"

சின்னம்மாவிடம் கேட்டேன்.

"மருந்து குடுத்த அம்மா இங்க உக்காந்து இப்படித்தான் கும்பிடுமாம். செத்ததும் இங்கயே, இந்தக் கல்லடியிலதான் பொதைச்சாங்களாம்."

"இத்தனை நாள் ஏன் சொல்லல?"

"நீ எப்ப கேட்ட? சோறு எப்பன்னுதானே கேப்ப."

அந்த அம்மா இவருக்குச் சொந்தம் என்றேன். சின்னம்மா சட்டென்று கல்லை மறைத்து உட்கார்ந்துகொண்டார்.

"தூக்கிட்டுப் போக வந்திருக்காளா?"

நான் ஆங்கிலத்தில் சொன்னதும் அம்மாள் தலையாட்டி மறுத்தார். "எங்கள் வீட்டில் இனி யாருமில்லை, நான்தான் கடைசி. பார்த்துவிட்டேன், போதும்."

அதையும் சொன்னேன். சின்னம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"யாருமில்லையாமா? இத்தனை பேர் இருக்கோம், கண்ணு தெரியலையா அவளுக்கு?"

எழுந்து வந்து, பந்திக்கு வைத்திருந்த சாம்பார் வாளியை அம்மாள் கையில் திணித்தார். அவர் தயங்கி, பந்தியில் உட்காரப் போனார்.

"விருந்தாளிங்கதான் உக்காரணும்" என்றார் சின்னம்மா. "நீ பரிமாறு."