திருக்கை இல்லாத குழி

யாருடைய தோணி கரைக்கு வந்தாலும் அன்ஸார் மாமாவின் கை முதலில் நங்கூரத்துக்குத்தான் போகும். அதில் ஒட்டியிருக்கும் சேற்றில் ஒரு கிள்ளு எடுப்பார். இரண்டு விரலால் நசுக்கி, மணலா களியா என்று பார்த்து, மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடுவார். பிறகுதான் கை கழுவுவார்.

அவர் என் மனைவி ஷிஃபானாவின் வாப்பா. கிண்ணியாவில் அவர் வீட்டில்தான் நாங்களும் இருக்கிறோம். மகள் பிறந்து மூன்று நாளாகியும் ஷிஃபானாவுக்குப் பால் சரியாக ஊறவில்லை. பிள்ளை கத்திக்கொண்டே இருந்தாள். பெற்றவளுக்குத் திருக்கைக் கறி கொடுத்தால் பால் ஊறும் என்பார்கள். சந்தையில் வாங்குவோம் என்றேன்.

"ஐஸில கிடந்தது என்ட புள்ளைக்கு வேணாம். நீங்களும் வாங்க மருமகன்."

நெஞ்சு வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த பிறகு அவர் கடலுக்குப் போனதே இல்லை. ஷிஃபானாவின் உம்மா சுஹைரா மாமி தடுப்பார் என்று பார்த்தேன். அவரோ தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

கொட்டியாரக் குடாவில் ஆறு வந்து விழும் பக்கம் ஆழம் குறைவு. அடியில், பெரிய சட்டிகளை அமத்தி எடுத்ததுபோல வட்ட வட்டமாகக் குழிகள். ஒன்றிலிருந்து குமிழிகள் நூலாக ஏறின.

"பாருங்க, மூச்சு விடுறார்!"

திருக்கை சிப்பி தேடிச் சேற்றில் குழி பறிக்கும். அதுதான் உள்ளே கிடக்கிறது என்று மாமா முடிவே கட்டிவிட்டார். வலையைச் சுற்றி வளைத்துத் துடுப்பால் தண்ணீரை அடித்தோம். ஒன்றும் எழும்பவில்லை. நான் மூழ்கிக் கம்பால் துழாவினேன். கஞ்சிக்குள் போல இறங்கியது. குமிழிகள் கொத்தாகப் பொங்கி என் முகத்தில் உடைந்தன. அடுத்த குழியிலும் அதே கதைதான்.

மாமாவுக்குக் கோபம் வரவில்லை. "மீன் இல்லாம ஆர் மூச்சு விடுறது?" என்று வழிநெடுகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

வீட்டில் பிள்ளை வயிறு நிறையப் பால் குடித்து உறங்கிக் கிடந்தாள். நாங்கள் குமிழிக் கதையைச் சொல்ல மாமி சிரித்தார்: "கடலுக்கும் வயித்தில வாயுவாக்கும்!"

அது கிட்டத்தட்ட உண்மை. கடலியல் படிக்கும் நண்பன் சஜீத் பிறகு வீட்டுக்கு வந்தபோது எங்களுக்கு விளங்கப்படுத்தினான். ஆறு கொண்டுவரும் இலைதழை சேற்றுக்குள் புதையும். காற்று எட்டாத அந்த இடத்தில் நுண்கிருமிகள் அதைத் தின்று வாயு உண்டாக்கும். வாயு சேர்ந்து, சேற்றைக் கிளப்பிக்கொண்டு வெளியேறினால் அந்த இடம் குழிந்துவிடும்.

"எவ்வளவு பெருசு அந்தக் கிருமி?" என்றார் மாமா.

"கண்ணுக்குத் தெரியாது மாமா."

"அதுக்கா நாம திருக்கை வலை போட்டம்!"

நோன்பு மாதத்தில்தான் ஷிஃபானா எனக்கு மற்றதைச் சொன்னாள். அன்று காலை நாங்கள் புறப்படும் முன்னரே பால் ஊறிவிட்டதாம். வாப்பா வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் முகம் மலர்ந்து நின்றதைக் கண்டு, சொல்லப்போன உம்மாவின் வாயை அவள்தான் பொத்தினாளாம்.