தலையாட்டாமல் ஒரு காலை

கல்யாணமான புதிதில் நான் எது சொன்னாலும் என் மனைவி தலையாட்டினாள். புக்கிட் ரோத்தான் பக்கத்தில் எங்கள் தோட்டத்து லயத்தில் எல்லாரும் என்னைக் கொடுத்து வைத்தவன் என்றார்கள். நானும் அந்த நினைப்பில்தான் திரிந்தேன். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவன் நான்; வீட்டிலும் கத்தித்தான் பேச வரும். அதனால் அவளுக்குக் காது மந்தம் என்று தெரியவே நாளாயிற்று. சின்ன வயதிலிருந்தே சீழ் வடிந்து, இரண்டு செவிப்பறையிலும் ஓட்டை. வாயசைவைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்வாள், மீதிக்குத் தலையாட்டிவிடுவாள்.

எண்பதுகளில் எங்கள் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிக்குக் காது டாக்டர் எப்போதாவதுதான் வருவார். முழு மயக்கம் கொடுக்க அங்கே ஆளில்லை. காதைச் சுற்றி மரத்துப்போக ஊசி போட்டு, அவள் விழித்திருக்கும்போதே முதலில் ஒரு காதின் ஓட்டையை அடைக்கலாம் என்றார் அவர். ஆனால் தலை அசையவே கூடாது. அசைந்தால் கேட்கிற கொஞ்சமும் போய்விடும். தலையாட்டியே பிழைத்தவளிடம் இதை எப்படிச் சொல்வது? சொன்னேன். அதற்கும் தலையாட்டினாள்.

என் வாயைப் பார்த்தால்தான் அவளுக்குப் புரியும் என்பதால், அறுவைக்காக அவள் தலைமேல் விரித்த துணிக்கு அடியில், முகத்தருகே என்னையும் உட்காரவைத்தார்கள். வலிக்கிறதா, தலை சுற்றுகிறதா என்று டாக்டர் மலாயில் கேட்பார். நான் தமிழில் கேட்க வேண்டும். கேட்டால் தலையை ஆட்டிவிடுவாளே என்று எனக்குப் பயம். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆமான்னா என் கைய அமுக்கு. தலைய மட்டும் ஆட்டிடாத புள்ள."

அமுக்கினாள். ஊசி ஏறியபோது கண்ணில் நீர் வழிந்தது, தலை அசையவில்லை. பிறகு வலிக்கவில்லை போலிருக்கிறது. எனக்குத்தான் வியர்த்து ஊற்றியது.

காதுக்குப் பின்னாலிருந்து எடுத்த மெல்லிய சவ்வை டாக்டர் ஓட்டையின்மேல் வைத்தார். அன்று காலை என்னிடம் கேட்டுக் கற்றுவைத்திருந்த ஒரே தமிழ்ச் சொல்லை, அவள் பார்க்க முடியாத பக்கத்திலிருந்து மெதுவாகச் சொன்னார்: "கேக்குதா?"

நான் வாயைத் திறக்கவில்லை.

"கேக்குது டாக்டர்," என்றாள் அவள். தலை வைத்த இடத்திலேயே இருந்தது. நான்தான் துணிக்கடியில் அழுதபடி தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

காதிலிருந்து பஞ்சை எடுத்த வாரம், அவள் அடுப்படியில் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். சாயங்காலம் சுங்கை புரோங்கில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்குப் போகலாம் என்று சாதாரணக் குரலில் சொன்னேன்.

அவள் திரும்பவேயில்லை. "நா வரல. நீங்க மட்டும் போங்க லா."

கல்யாணமானதிலிருந்து அவள் எனக்கு மறுத்துச் சொன்ன முதல் வார்த்தை அது. அப்பாடா என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு நானும் போகவில்லை.