அடிபட்டவளும் அப்பீல் போடலாம்

போடி கோர்ட்டில் அவனை விடுதலை செய்த அன்று, என் வீட்டுக்காரர் வெளியே வந்ததும் சொன்னார்: "விடு புள்ள. இனி அவெஞ்சோலி நமக்கெதுக்கு?"

அவன் எங்கள் ஏலக்காய்த் தோட்டத்துக் கங்காணி. மலைச் சரிவில் காய் எடுத்துக்கொண்டிருந்தபோது, புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தான். நான் குறுக்கே போய் நின்றேன். கம்பால் ஓங்கி அடித்தான். என் இடது கை எலும்பு முறிந்தது. அந்தப் பெண் பயந்து ஊரைவிட்டே போய்விட்டாள். உடன் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் கூண்டில் ஏறி, "நாங்க பாக்கல" என்று சொல்லிவிட்டார்கள்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நாங்கள் நடக்கத் தொடங்கியபோது பின்னாலிருந்து, "அக்கா, நில்லுங்க" என்று குரல் கேட்டது. இலவச சட்ட உதவி மையத்தில் உட்காரும் வக்கீலம்மா மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"அப்பீல் போடுறீங்களா?"

"அது அரசாங்கமில்ல போடணும்?"

"அடிபட்டவங்களும் போடலாம்க்கா. சட்டத்துல இடமிருக்கு. ஃபீசு கிடையாது, நானே நடத்துறேன்."

அதுவரை வழக்கு அரசாங்கத்துடையது, நான் அதற்கு ஒரு சாட்சி என்றுதான் நினைத்திருந்தேன். என் அடி என் வழக்கு என்று யாருமே சொன்னதில்லை. வீட்டுக்காரரை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "போடுங்கம்மா!" என்று கத்திவிட்டேன். டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு ஒருநாள் வக்கீலம்மா என்னை மையத்தில் உட்கார வைத்து, நான் கூண்டில் சொன்னதை எனக்கே வாசித்துக் காட்டினார். "கம்பால அடிச்சா வர்ற முறிவுன்னு டாக்டர் தெளிவாச் சொல்லியிருக்காரு. தீர்ப்புல அதப் பத்திப் பேச்சே இல்ல. காயம்பட்டவங்க சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டுக்கா. மத்தவங்க பல்டியடிச்சாலும் உங்க சொல்லு நிக்கும்."

தேனி கோர்ட்டில் தீர்ப்பு நாள். நீதிபதி நிமிர்ந்து, "மேல்முறையீட்டாளர் வந்திருக்காங்களா?" என்று கேட்டார். யாரையோ கூப்பிடுகிறார் என்று நானும் சுற்றிப் பார்த்தேன். வக்கீலம்மா என் தோளைத் தட்டினார்.

"அக்கா, அது நீங்கதான்!"

எழுந்து நின்றேன். விடுதலை ரத்து, அவன் குற்றவாளி என்றார். தண்டனை பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அவனைக் கேட்டார். பிள்ளைகுட்டிக்காரன் என்று முனகினான். ஒரு வருடம் ஜெயில்.

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அவென் மதுரைக்குப் போயி ஐகோர்ட்டுல போட்டா?"

"போடட்டும்ணே, அங்கயும் நம்ம பக்கம் வக்கீல் உண்டு" என்றார் வக்கீலம்மா.

"அப்ப நாங்களும் வர்றோம்!" என்றார் வீட்டுக்காரர். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மறுநாள் காலை, தோட்டத்துக்கு எங்களை ஏற்றிப்போகும் ஜீப்பு மலையேறும்போது ஒரே சத்தம். பல்டியடித்த ஒருத்தி என்னருகில் நெருங்கி உட்கார்ந்து, "நானும் பாத்தேன்டி, வேல போயிரும்னு பயந்துட்டேன்" என்றாள். கோபம் வந்தது. இருந்தாலும் அவளுக்கு நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். 'மேல்முறையீட்டாளர்' என்று கூப்பிட்டதும் நான் சுற்றிப் பார்த்த இடம் வந்தபோது, டிரைவரே சிரித்து ஹாரன் அடித்தார்.