மலையில் வீடு கட்டப் போனோம்

கார்த்திகை முடிவதற்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம். மார்கழியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், அதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னார். திண்டிவனத்தில் 'டு லெட்' பலகை தொங்கிய தெருவெல்லாம் நானும் என் மனைவியும் ஏறி இறங்கினோம். வீடு பிடிக்கும், அட்வான்ஸ் ஒத்துவரும், குழாயைத் திறந்தால் தண்ணீரும் வரும். கடைசியில் சொந்த ஊர் எது என்பார்கள். முகையூர் பக்கம் என்போம். அங்கே எந்தத் தெரு என்பார்கள். நான் எச்சில் விழுங்குவதற்குள் அவர்களுக்கு விளங்கிவிடும். மறுநாள் போன் செய்தால் சொந்தக்காரர் யாரோ குடிவருகிறாராம், வீடு இல்லையாம். திண்டிவனத்து வீட்டுக்காரர்களுக்கு இத்தனை சொந்தக்காரர்கள் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

வாரம் முழுக்க அச்சகத்தில் நின்று வேலை செய்பவன் நான். ஞாயிற்றுக்கிழமை படுத்தே கிடக்கலாம் என்று இருந்தேன். விடிந்ததும் விடியாததுமாக அவள் எழுப்பினாள். செஞ்சி சாலையிலிருந்து உள்ளே போனால் ஒரு மலை. உச்சியில் முருகன் கோயில். கோயிலுக்குப் பின்னால் பாறையில் கல்லை அடுக்கி வீடு கட்டி வேண்டிக்கொண்டால் நிஜ வீடு அமையும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

"வீடு பாத்து பாத்து காலு போயிட்ச்சி. இப்ப மலை வேறயா?" என்றேன்.

"தெருத் தெருவா நடந்தீங்கல்ல, மலையிலயும் நடங்க. அங்க யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

பைக்கை எடுத்தேன்.

பாதி மலை வரைதான் படி. அதற்கு மேல் வெறும் பாறை, அதில் வெள்ளை பெயிண்டில் அம்புக்குறி. சென்னையிலிருந்து டிரெக்கிங் வந்த பிள்ளைகள் பெரிய பெரிய ஷூ போட்டுக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார்கள். வேலை மெனக்கெட்டு வந்து மூச்சு வாங்குகிறவர்களைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது. "இன்னும் கொஞ்சம்தான் அங்கிள்" என்றாள் அதில் ஒரு பெண். அந்தக் கொஞ்சம் முடியவே இல்லை. முட்டி கழன்றுவிடும் போலிருந்தது. என் மனைவி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஏறிக்கொண்டிருந்தாள்.

சாமி கும்பிட்டுவிட்டுப் பின்பக்கம் போனோம். பாறை முழுக்கக் கல் வீடுகள், ஒரு நகரே இருந்தது. ஆனால் தரையில் ஒரு கல் கிடையாது. எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் எல்லாவற்றையும் பொறுக்கி அடுக்கிவிட்டார்கள். சரிந்து கிடந்த ஒரு வீட்டிலிருந்து நான் கல்லை எடுத்தேன்.

"வைங்க அத. அது ஒருத்தர் வீடு."

"இடிஞ்சி போச்சிம்மா."

"இடிஞ்சாலும் அவங்க வீடுதான்."

வைத்துவிட்டு, வந்த வழியே சரிவில் இறங்கினேன். புதருக்குள் கை விட்டுப் பொறுக்கிய கற்களைத் துண்டில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி ஏறினேன். மேலே வந்தபோது கண் இருட்டியது. வீடு கேட்டு அலைந்த நாட்களில்கூட இவ்வளவு அலுத்ததில்லை.

அதற்குள் இவள் ஓர் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். எங்கள் வயதுதான் இருக்கும். மகளுக்கு வீடு அமைய வேண்டும் என்று கண்டாச்சிபுரத்திலிருந்து வந்தவர். சிரித்த முகம். தன் கல் வீட்டுக்குப் பக்கத்தில் கையால் தூசியைத் தள்ளி, "இங்க கட்டிக்கோம்மா, எடம் கெடக்குது" என்று எங்களுக்கு இடம் விட்டார். மனைவி உட்கார்ந்து முதல் கல்லை வைத்தாள். அந்த அம்மா கொண்டுவந்த மல்லாட்டைப் பொட்டலத்தைப் பிரித்து, இரண்டு பெண்களும் கடலையைக் கொறித்துக்கொண்டே அடுக்கினார்கள். பல நாளைக்குப் பிறகு இவள் முகம் தெளிந்திருந்தது.

"உங்களுக்கு எந்த ஊரும்மா?"

"முகையூர் பக்கம்க்கா."

"அங்க எங்க?"

ஏதாவது பேச்சை மாற்றலாம் என்று வாயைத் திறந்தேன். எந்த வீட்டு வாசலிலும் இந்தக் கேள்விக்குத் தரையைப் பார்ப்பவள், இப்போது நிமிர்ந்து அந்த அம்மாவைப் பார்த்தாள்.

"காலனிக்கா."

அந்த அம்மா முகம் சுளிக்கவில்லை. பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். தன்னிடம் மிச்சமிருந்த சின்னக் கற்களை எடுத்து, எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒவ்வொன்றாக வரிசையாக வைத்தார். காம்பவுண்டு. பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டு, "வர்றேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வரிசையைக் காலால் எத்திவிட எழுந்தேன். இவள் என் வேட்டியைப் பிடித்து நிறுத்தினாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"அத வுடுங்க. கீழ போய் இன்னும் கொஞ்சம் கல்லு எடுத்துக்கினு வாங்க. மாடி எடுக்கணும்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நான் மறுபடியும் இறங்கினேன்.